பண்பாட்டின் மேல் போடும் பழி

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வடக்கே போனால் தடா. அதற்கு மேற்கே, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் ஊர்களை உள்ளடக்கி விரிந்து கிடக்கிறது ஸ்ரீசிட்டி. 2008-இல் தொடங்கியபோது அது சித்தூர் மாவட்டம்; 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிந்த பிறகு திருப்பதி மாவட்டம். இசுசு பிக்கப் வண்டி, டைகின் ஏ.சி., கோபெல்கோ எக்ஸ்கவேட்டர், யூனிசார்ம் டயப்பர், மாண்டலீஸ் சாக்லேட், அல்ஸ்டாம் மெட்ரோ ரயில், ஃபாக்ஸ்கான் கைபேசி எல்லாம் ஒரே வேலிக்குள். ஜப்பானிய நிறுவனங்கள் மட்டும் இருபதுக்கு மேல். இத்தனை நாட்டு முதலாளிகள் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கும் இடம் தென்னிந்தியாவில் அரிது. பன்னாட்டு நிறுவனங்களில் திறமையை வளர்ப்பது பற்றியும் தக்கவைப்பது பற்றியும் நம்மிடையே வேர்விட்டுப்போன ஒரு கருத்தை உரசிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அந்தக் கருத்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். மனிதவளத் துறைக் கருத்தரங்குகளிலும், எம்.பி.ஏ. பாடநூல்களிலும், தொழில் சங்கங்களின் மலர்களிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஜப்பானியர் ஒழுங்குக்குப் பிறந்தவர்கள், கம்பெனியைக் குடும்பமாகப் பார்ப்பவர்கள். கொரியர் மேலிடத்துக் கட்டளைக்கு மறுபேச்சுப் பேசாதவர்கள். நம்மவர்களோ மேலதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர்கள், மாதம் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த கேட்டுக்குள் நுழைந்துவிடுபவர்கள், சங்கராந்திக்கு ஊருக்குப் போனால் ஒரு வாரம் காணாமல் போகிறவர்கள். ஆகவே பன்னாட்டு நிறுவனத்தின் தலையாய சிக்கல் பண்பாட்டு இடைவெளி. அதற்கு மருந்து இரு தரப்புக்கும் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. கேட்க நியாயமாகவும் யாரையும் நோகடிக்காததாகவும் இருப்பதால் இதை எதிர்த்துப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் இது தவறு. பண்பாடு என்று பெயர் சூட்டி இங்கே பேசப்படுபவற்றில் பெரும்பகுதி, அந்தந்த நிறுவனம் வகுத்த வேலை விதிகளின் விளைவு. விதி மாறிய இடங்களில் எல்லாம், அதே மனிதர்களிடம் 'பண்பாடு' மாறியிருக்கிறது.

முதலில் இந்தக் கருத்துக்கு அறிவியல் மெருகு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நாட்டுக்கு நாடு பண்பாட்டை எண்ணால் அளந்து காட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹாஃப்ஸ்டெட். 1980-இல் வந்த அவருடைய நூலின்படி, மேலோருக்குக் கீழோர் பணிந்து போகும் அளவில் இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54. நிச்சயமின்மையைக் கண்டு அஞ்சும் அளவில் ஜப்பானுக்கு 92, இந்தியாவுக்கு 40. இந்த எண்கள் இன்றும் பயிற்சி வகுப்புகளின் திரையில் ஒளிர்கின்றன. அவை எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களே அவற்றின் அடிப்படை. அந்த ஐ.பி.எம்., அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைக்க மனமில்லாமல் 1978-இல் இந்தியாவை விட்டே போய்விட்டது. நாட்டை விட்டுப் போன ஒரு நிறுவனத்தில் அரை நூற்றாண்டுக்கு முன் கோட்டும் டையுமாக வேலை பார்த்த சிலரின் பதில், 2000-க்குப் பின் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்து, சூலூர்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்ணின் மனத்தை விளக்கும் என்று நம்புவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆய்வாளர் பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002-இல் எழுதிய கட்டுரையில் இந்த அளவீட்டின் அடித்தளத்தையே அசைத்துக் காட்டினார். அதற்குப் பிறகும் அந்த எண்களின் வியாபாரம் குறையவில்லை.

எண்ணின் வயதைவிடப் பெரிய குறை, அது ஒரு நாட்டை ஒரே மனமாகப் பார்ப்பது. ஸ்ரீசிட்டி இருக்கும் மண்ணையே எடுத்துக்கொள்வோம். 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது சித்தூரின் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து ஊர்கள் பல ஆந்திரத்துக்குப் போயின. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பள்ளியில் வேறொன்று என்று வாழும் குடும்பங்கள் இந்த எல்லையின் இருபுறமும் உண்டு. இவர்களுடைய 'விழுமியம்' எது? தெலுங்கா, தமிழா, இந்தியமா? அதைவிட முக்கியமான கேள்வி சாதி பற்றியது. ஒரு லைனில் சூப்பர்வைசரும் தொழிலாளியும் எதிரெதிரே நிற்கும்போது அவர்களுக்கிடையே இருக்கும் தூரத்தை ஓர் 'இந்திய சராசரி'யால் அளக்க முடியாது. யார் யாரை 'நீ' என்று அழைக்கிறார், யார் பரிந்துரைத்து யார் உள்ளே வந்தார், ஹாஸ்டலில் யார் யாரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள மறுத்தார் என்பவை அதிகாரத்தின் கணக்குகள். பணிவு இந்தியரின் இயல்பு என்று எழுதி முடித்துவிட்டால், யார் யாருக்குப் பணிய வைக்கப்படுகிறார் என்று பார்க்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இல்லாமல் போய்விடுகிறது. பண்பாட்டுப் பாடம் கேட்டுத் திரும்பும் வெளிநாட்டு மேலாளர், நம்மூர் மேல்சாதி மேலாளர் சொல்வதையே இந்தியப் பண்பாடு என்று கற்றுக்கொண்டு வருகிறார் என்பது இதில் உள்ள வேடிக்கை.

இனி விசுவாசத்துக்கு வருவோம். ஜப்பானியத் தொழிலாளி ஒரே கம்பெனியில் வாழ்நாளைக் கழிப்பவர், அது அவர் ரத்தத்தில் ஊறியது என்பது பண்பாட்டுக் கட்சியின் கோட்டை. அந்தக் கோட்டைக்கு வரலாற்றில் அடித்தளம் இல்லை. 1903-இல் ஜப்பான் அரசே வெளியிட்ட தொழிலாளர் நிலை அறிக்கையைப் பார்த்தால், அன்றைய பஞ்சாலைகளில் ஹாஸ்டலில் தங்க வைக்கப்பட்ட கிராமத்துப் பெண்களில் பலர் ஓராண்டுகூட நிலைக்கவில்லை என்று தெரியும். ஓடிப்போகாமலிருக்கக் கதவைப் பூட்டி வைத்த ஆலைகள் உண்டு. கனரகத் தொழில்களில் கைதேர்ந்தவர்கள் பட்டறை பட்டறையாக மாறிக்கொண்டே இருந்தார்கள். முதலாளிகள் அவர்களைப் பற்றிச் சொன்ன புகார், இன்று ஸ்ரீசிட்டியில் கேட்கும் புகார்தான். 1915-இல் ஜப்பானியத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்த ஆஸ்திரேலிய ஆலோசகர் ஒருவர், இவர்கள் நேரத்தின் அருமை அறியாத நிதானக்காரர்கள், இது பரம்பரைக் குணம், மாற்றுவது கடினம் என்ற பொருள்படச் சொல்லிவிட்டுப் போனார். பொருளியல் அறிஞர் ஹா-ஜூன் சாங் தம் நூலொன்றில் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். சுறுசுறுப்புக்கு உலக உதாரணமாக இன்று காட்டப்படும் மக்களைப் பற்றிய அன்றைய 'பண்பாட்டு ஆய்வு' இது.

பிறகு என்ன நடந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தொழிற்சங்கங்கள் பெருகின, பெரும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. டொயோட்டாவிலேயே 1950-இல் ஆட்குறைப்பை எதிர்த்து நீண்ட போராட்டம் நடந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வெளியேறினார்கள். நிறுவனர் கிச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார். இப்படிப்பட்ட மோதல்களின் முடிவில் எட்டிய உடன்பாடுதான் நிரந்தர வேலை, பணிமூப்புக்கு ஏற்ற ஊதியம், நிறுவனமே தரும் பயிற்சி என்ற ஏற்பாடு. இருபது வருடம் இருந்தால் ஊதியம் எங்கே போய் நிற்கும் என்று சேரும் நாளிலேயே தெரிந்த தொழிலாளி இருப்பார், தெரியாதவர் போவார். இதற்குள் ஏதும் ஜென் தத்துவம் கிடையாது. அதே ஜப்பானில் இன்று உழைப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தரமற்ற ஊழியர்கள். அவர்களிடம் யாரும் வாழ்நாள் விசுவாசத்தை எதிர்பார்ப்பதும் இல்லை, அவர்கள் அதைத் தருவதும் இல்லை. விழுமியம் என்றால் அது பெர்மனென்ட் ஆளுக்கு ஒன்றாகவும் தற்காலிக ஆளுக்கு வேறாகவும் இருக்குமா?

மறுக்க முடியாத சான்று ஒன்று கலிபோர்னியாவில் இருக்கிறது. ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை அமெரிக்காவிலேயே கெட்ட பெயர் எடுத்த ஆலைகளுள் ஒன்று. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சகஜம். குடி, சண்டை, திடீர் வேலைநிறுத்தம் எல்லாம் உண்டு. 1982-இல் மூடிவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நம்மி என்ற பெயரில் அதே இடத்தைத் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பான்மையோர் பழைய ஆட்கள். சங்கமும் பழைய சங்கம். மாறியவை எவை? ஆட்குறைப்பு கடைசி வழி என்ற எழுத்து வாக்குறுதி, குறை கண்டால் லைனை நிறுத்தும் கயிறு ஒவ்வொரு தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்தில், இழுத்தவரைத் திட்டாமல் உதவிக்கு ஓடிவரும் குழுத் தலைவர். விரைவிலேயே வராதோர் அளவு சில விழுக்காடாகச் சுருங்கியது. காரின் தரம் ஜப்பானில் செய்த காருக்கு ஈடாக நின்றது. அமெரிக்கத் தனிமனித வாதம் என்று பாடநூல் சொல்லும் அந்தப் பண்பாடு எங்கே ஒளிந்துகொண்டது? ஜப்பானியர் கொண்டுவந்தது தங்கள் பண்பாட்டைத்தானே என்று சிலர் இதற்கு விடை சொல்வார்கள். அப்படியானால் அந்தப் பண்பாடு சில மாதங்களில் கற்றுக்கொடுக்கக் கூடியது, ஒப்பந்தத்தில் எழுதக் கூடியது, கயிறு கட்டித் தொங்கவிடக் கூடியது என்று ஆகிறது. விதி என்று நாம் சொல்வதும் அதையே.

இதே பாதையில் நமக்கு அருகிலும் சான்று உண்டு. ஜப்பானியத் தரம் என்று நாம் கொண்டாடுவதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர். 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு அவர் நடத்திய வகுப்புகளை ஒட்டி அடுத்த ஆண்டே அவர் பெயரில் விருது நிறுவினார்கள். 1998-இல் அந்த விருது சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு வந்தது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அதுவே முதல் முறை. பாடியில் வேலை பார்த்தவர்கள் விபூதி வைத்துக்கொண்டும் தீபாவளிக்கு லீவு போட்டுக்கொண்டும்தான் அதை வாங்கினார்கள். ஸ்ரீசிட்டியிலேயே பிரெஞ்சு நிறுவனமான அல்ஸ்டாமின் ஆலை சென்னை மெட்ரோவுக்கும் கொச்சி மெட்ரோவுக்கும் பெட்டி கட்டியது. 2019-இல் திறந்த சிட்னி மெட்ரோவின் ஓட்டுநரில்லா ரயில்கள் 22-ஐயும், 2023-இல் ஓடத் தொடங்கிய மான்ட்ரியால் நகர ரயிலின் பெட்டிகளையும் அங்கிருந்துதான் அனுப்பியது. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு விதியையும் கனடாவின் பனிக்குளிரையும் தாங்கும் வண்டியைச் செய்ய, இந்தப் பகுதியின் வெல்டரும் எலக்ட்ரீஷியனும் தம் பண்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. வரைபடமும் கருவியும் பயிற்சியும் சரிபார்க்கும் முறையும் போதுமாயிருந்தன.

எதிர்ப்பக்கச் சான்றுகள் இன்னும் உரக்கப் பேசுகின்றன. சித்தூரை ஒட்டிய கோலார் மாவட்டத்தின் நரசாபுராவில், ஐபோன் செய்த விஸ்ட்ரான் ஆலையைத் தொழிலாளர்கள் 2020 டிசம்பரில் அடித்து நொறுக்கினார்கள். உடனே தொலைக்காட்சி விவாதங்களில் கும்பல் மனப்பான்மை, தொழில் ஒழுக்கமின்மை என்று ஆரம்பித்துவிட்டார்கள். அரசு ஆய்வில் வெளிவந்தது வேறு. சில மாதங்களில் ஆள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிவிட்டு, அத்தனை பேரின் வருகையையும் சம்பளத்தையும் ஓவர்டைமையும் கணக்கு வைக்கும் ஏற்பாட்டை நிறுவனம் செய்யவில்லை. ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்களுக்குப் பேசிய கூலி கைக்கு வரவில்லை. நிறுவனமே மன்னிப்புக் கேட்டது, ஆப்பிள் அதைத் தகுதிகாண் நிலையில் வைத்தது. அடுத்த டிசம்பரில், திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் 150-க்கும் மேற்பட்டோர் ஹாஸ்டல் சாப்பாட்டால் மருத்துவமனையில் சேர்ந்து, மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோதும் பிரச்சினை சோற்றிலும் கழிவறையிலும் தங்குமிட நெரிசலிலும் இருந்தது. பண்பாட்டு இடைவெளி என்று எந்தத் தட்டில் எழுதியிருந்தது?

இந்த வாதம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு போதும். திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கானின் ஐபோன் இணைப்பு வேலைக்கு எடுக்காமல் ஆள் சேர்ப்பு முகவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அந்தச் செய்தி. சொல்லப்பட்ட காரணங்களைக் கவனியுங்கள்: குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு, தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சல். அத்தனையும் 'உள்ளூர்ப் பண்பாடு' என்ற தலைப்பின் கீழ் அழகாகப் பொருந்துபவை. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது, அண்மையில் எடுத்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர் மணமானவர்கள் என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. குழந்தை காப்பகம் வைக்காத ஆலை, பெண்கள் திருமணத்துக்குப் பின் நின்றுவிடுகிறார்கள், நம் சமுதாயம் அப்படி என்று சொல்லும்போது, அது தன் செலவை மிச்சப்படுத்திப் பழியைச் சமுதாயத்தின் கணக்கில் எழுதுகிறது. அதே சமுதாயத்தின் மணமான பெண்கள் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெறுகிறார்கள். அங்கே பேறுகால விடுப்பும் ஓய்வூதியமும் இருக்கின்றன, வித்தியாசம் அவ்வளவுதான்.

சாம்சங் விஷயத்தில் பண்பாட்டு விளக்கம் இரண்டு பக்கமும் பொய்த்தது. 2024 செப்டம்பரில் தொடங்கி, அதன் திருப்பெரும்புதூர் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொரியாவில் இப்படியெல்லாம் கிடையாது, அது அவர்களுக்குப் பழக்கமில்லை, நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு. கொரியாவில் இல்லையா? ஹூண்டாயின் கொரியச் சங்கம் உலகறிந்த போர்க்குணம் கொண்டது. சங்கமில்லாக் கொள்கை சாம்சங் நிறுவனர் வகுத்த கம்பெனிக் கொள்கை. அதற்காக 2020 மே மாதத்தில் சாம்சங் தலைமையிலிருந்த லீ ஜே-யோங் தம் நாட்டு மக்கள் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, அதைக் கைவிடுவதாகவும் அறிவித்தார். 2024-இல், இங்கே வேலைநிறுத்தம் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே, கொரிய சாம்சங் எலக்ட்ரானிக்ஸில் முதல் வேலைநிறுத்தம் நடந்துவிட்டது. காஞ்சிபுரத்துத் தொழிலாளியும் கொரியத் தொழிலாளியும் ஒரே ஆண்டில் ஒரே நிறுவனத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் இங்கே சங்கம் பதிவானது.

இதுவரை சொன்னதெல்லாம் தொழிலாளிக்குப் பொருந்தலாம், திறமை மேலாண்மை என்பது பொறியாளர்களையும் மேலாளர்களையும் பற்றியது, அங்கேதான் பண்பாடு வேலை செய்கிறது என்று ஒரு மறுப்பு வரும். வரட்டும். இந்த வட்டாரத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை: 2013-இல் ஸ்ரீசிட்டி ஐ.ஐ.ஐ.டி., 2015-இல் திருப்பதி ஐ.ஐ.டி., ஐசர், 2018-இல் கிரியா பல்கலைக்கழகம். அங்கே படித்தவர் ஒரு ஜப்பானிய அல்லது கொரியக் கிளையில் சேர்ந்தால் எவ்வளவு தூரம் ஏறலாம்? தலைமைப் பதவி பெரும்பாலும் தலைமையகத்திலிருந்து மூன்று நான்கு வருடத் தவணையில் வருபவருக்கே. 1996-இல் இங்கே வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியா, 2026 ஜனவரி முதல் தன் முதல் இந்திய நிர்வாக இயக்குநர் பொறுப்பேற்பார் என்று 2025 அக்டோபரில்தான் அறிவித்தது. முப்பது ஆண்டு. அந்த முப்பது ஆண்டில் விலகிப் போன ஒவ்வொரு திறமைசாலியைப் பற்றியும் 'இந்தியர்கள் பொறுமையற்றவர்கள்' என்று கோப்பில் எழுதியிருக்கலாம். ஏணியின் மேல் படிகளை எடுத்துவிட்டு, ஏறுபவனுக்கு ஆசை போதவில்லை என்று சொல்வது போன்றது இது. இந்தியர் 'முடியாது' என்று சொல்ல மாட்டார் என்ற குற்றச்சாட்டும் அப்படியே. முன்பு முடியாது என்று சொன்னவருக்கு அடுத்த இன்கிரிமென்டில் என்ன கிடைத்தது என்பதை அந்த அலுவலகத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். காரணம் அங்கே இருக்க, உபநிடதத்தில் தேடுவானேன்?

அப்படியானால் பண்பாடே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பிரம்மோற்சவத்துக்கும் பொங்கலுக்கும் லீவு வேண்டும், கேண்டீனில் சைவச் சாப்பாடு தனியே வேண்டும், மேலாளர் எல்லார் முன்னும் கத்தினால் மனம் புண்படும். (கடைசியாகச் சொன்னது எந்த நாட்டில் புண்படாது என்று தெரியவில்லை.) இவை தீர்க்க எளியவை: ஒரு நாட்காட்டி, இரண்டு சமையல் பாத்திரம், கொஞ்சம் நாவடக்கம். மொழி மட்டும் உண்மையிலேயே பெரிய சங்கதி. ஜப்பானியப் பொறியாளர் சொல்வது மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆங்கிலமாகி, லைன் லீடர் வாயில் தெலுங்காகவோ தமிழாகவோ மாறி மெஷின் முன் நிற்பவரை அடைவதற்குள், பாதுகாப்பு எச்சரிக்கையின் பாதி உதிர்ந்துவிடும். அதற்கு மருந்து மொழி கற்பதும், அறிவிப்புகளை இரு மொழியில் எழுதி வைப்பதும். நாட்டு விழுமியங்களைப் பற்றிய வண்ணப்படம் அதற்கு உதவாது.

எல்லாரையும் நிரந்தரமாக்கு என்றால் சந்தை சுருங்கும்போது நிறுவனம் எப்படிப் பிழைக்கும் என்பது கனமான மறுப்பு. எல்லாரையும் நிரந்தரமாக்கும்படி நான் கேட்கவில்லை. பதினோரு மாதத்துக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு அந்த உரிமை சட்டப்படி இருக்கலாம்; பதினோரு மாதத்தில் போனவனைப் பார்த்து விசுவாசமில்லை என்று சொல்லும் உரிமை மட்டும் கிடையாது. பயிற்சி விஷயத்தில் அரசுகளே நிறுவனங்களைவிடத் தெளிவாக இருந்திருக்கின்றன. 2016 நவம்பரில் இந்தியாவும் ஜப்பானும் பத்தாண்டில் முப்பதாயிரம் பேருக்கு உற்பத்தித் துறைப் பயிற்சி தர உடன்பாடு செய்துகொண்டன. திறமை வளர்க்கப்படுவது என்று ஜப்பான் அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள். ஆந்திர அரசு 2019-இல் தொழிற்சாலை வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூராருக்கு என்று சட்டம் இயற்றியபோது, தகுதியானவர் கிடைக்காவிட்டால் மூன்றாண்டுக்குள் பயிற்சி கொடுத்து எடுக்க வேண்டும் என்றும் சேர்த்தது. அந்தச் சட்டம் உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. அதில் கோணலும் உண்டு. எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஸ்ரீகாகுளத்துக்காரர் ஸ்ரீசிட்டிக்கு உள்ளூர்க்காரர், பக்கத்துக் கும்மிடிப்பூண்டிக்காரர் வெளியூர்க்காரர். ஆனாலும் தகுதியை உருவாக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்ற அதன் மையக் கருத்து சரியானது.

சித்தூர் மண்ணில் இதற்கு நீண்டகால உதாரணம் ஒன்று இருக்கிறது. பேட்டமிட்டா கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-இல் தொடங்கிய அமர ராஜா, திருப்பதியை ஒட்டிய கரக்கம்பாடியில் பேட்டரி செய்கிறது. அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் 1997-இல் அதில் பங்காளியாகி இருபது ஆண்டுக்கும் மேல் நீடித்தது. கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பழக்கி வளர்ந்த நிறுவனத்துக்கும் மில்வாக்கி நகரத்துப் பெருநிறுவனத்துக்கும் இடையே பண்பாட்டுத் தூரம் எவ்வளவு என்று ஹாஃப்ஸ்டெட் பட்டியலைப் பார்த்தால் பயமாக இருக்கும். 2019 ஏப்ரலில் கூட்டு முறிந்தது உண்மை. முறிந்ததற்குக் காரணம், அமெரிக்கப் பங்காளி தன் பேட்டரித் தொழிலையே உலக அளவில் புரூக்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டதுதான். விழுமியம் மோதி முறியவில்லை.

இத்தனை சான்று இருந்தும் பண்பாட்டு விளக்கம் சாகாமலிருப்பதற்கு அதன் மலிவே காரணம். ஊதிய அடுக்கை மாற்றப் பணம் வேண்டும், இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். பதவி உயர்வு விதியைத் திருத்தினால் தலைமையகத்திலிருந்து வருபவர்களின் நாற்காலிகள் குறையும். குழந்தை காப்பகத்துக்கு இடமும் ஆளும் வேண்டும். இரண்டு நாள் பயிற்சிக்கு ஒரு ஹோட்டல் அறையும் ஒரு புரொஜெக்டரும் போதும். முடிவில் அனைவரும் சேர்ந்து படமெடுத்துக்கொள்ளலாம், தோற்றால் ஆந்திரரின் குணம், தமிழரின் குணம் என்று சொல்லிவிடலாம். பழி போட ஒரு மக்கள்கூட்டம் எப்போதும் கைவசம் இருக்கும்போது விதியைத் திருத்த யார் மெனக்கெடுவார்கள்?

ஆகவே திருப்பதி மாவட்டத்திலும் எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் உள்ள கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும், பிள்ளைகளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆள் எடுக்க வரும் நிறுவனம் தன் விழுமியங்களைப் பற்றிப் படம் காட்டி முடித்ததும் எழுந்து கேளுங்கள்: சென்ற ஆண்டு எடுத்த டிரெய்னிகளில் எத்தனை பேர் பெர்மனென்ட் ஆனார்கள், ஆபரேட்டராகச் சேர்ந்து பத்தாண்டு ஆனவர் இன்று என்ன பதவியில் இருக்கிறார், மகப்பேறு முடிந்து திரும்பியவர்கள் எத்தனை பேர், உங்கள் மேல்மட்டத்தில் இந்த மாநிலங்களைச் சேர்ந்தவர் எத்தனை பேர். எண்ணாகப் பதில் வராவிட்டால், கையெழுத்துப் போடுமுன் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.